டாங்கித் தளபதியின் வேலை என்ன? கத்துக்கோவின் பணிவாழ்க்கை வழியே ஓர் அறிமுகம்

இரண்டாம் உலகப் போரின் கிழக்குப் போர்முனையைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் வாசகர் முதலில் இடறுவது சொற்களில்தான். ‘டாங்கிப் படைகளின் மேஜர் ஜெனரல்’, ‘காவற்படை டாங்கி பிரிகேட்’, ‘டாங்கிச் சேனை’, ‘கவசப் படைகளின் மார்ஷல்’ என்று பட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவியும். ஆனால் ஐந்நூறு டாங்கிகளைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் நாள்தோறும் என்ன முடிவெடுக்கிறார், காலாட்படைத் தளபதி எடுக்கும் முடிவிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது என்பதை அந்தப் பட்டங்கள் சொல்வதில்லை. இதைப் புரிந்துகொள்வதற்கு ஒரு நல்ல வழி, ஒரே ஒரு தளபதியின் பணிவாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்வதாகும். அதற்கு நான் தேர்ந்தெடுப்பது சோவியத் டாங்கித் தளபதி மிகைல் எஃபிமோவிச் கத்துக்கோவை. 1941 இல் ஏறத்தாழ 60 டாங்கிகள் கொண்ட ஒரு பிரிகேடை நடத்தியவர், 1945 இல் ஒரு முழு டாங்கிச் சேனையோடு பெர்லினுக்குள் நுழைந்தார்; இடைப்பட்ட படிகள் ஒவ்வொன்றிலும் அவர் நின்றிருக்கிறார். அவருடைய பெயர் தமிழ்க் காதில் ‘கத்துக்கோ’ என்று விழுவது தற்செயல்தான் என்றாலும், தோற்றுத் தோற்றுப் பாடம் படித்த ஒரு படையின் கதைக்கு அது பொருந்தாத பெயரும் அல்ல.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது. நம் செய்தித்தாள்கள் டாங்கியைப் பல சமயம் ‘பீரங்கி’ என்றே எழுதிவிடுகின்றன. பீரங்கி என்பது குண்டு எறியும் துப்பாக்கி மட்டுமே. அதை இன்னொரு வண்டி இழுத்துச் செல்ல வேண்டும், அதைச் சுற்றியுள்ள வீரர்களுக்கு மறைப்பு கிடையாது. டாங்கி என்பது பீரங்கி, இரும்புக் கவசம், சேற்றிலும் வயலிலும் ஓடக்கூடிய சங்கிலித் தடம் ஆகிய மூன்றையும் ஒரே வண்டியில் சேர்த்தது. கத்துக்கோவின் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட டி-34 வண்டியில் 76 மி.மீ. பீரங்கியும், 45 மி.மீ. தடிமனில் சாய்வாகப் பொருத்தப்பட்ட முன்கவசமும், 500 குதிரைத்திறன் கொண்ட டீசல் என்ஜினும் இருந்தன. கவசம் சாய்ந்திருப்பதால் நேராக வரும் குண்டு அதிக இரும்பைத் துளைக்க வேண்டியிருக்கும், அல்லது வழுக்கித் தெறித்துவிடும். சங்கிலி அகலமாக இருந்ததால் பனியிலும் சகதியிலும் புதையாமல் ஓடியது. சென்னையை அடுத்த ஆவடித் தொழிற்சாலையில் பிற்காலத்தில் உருவான டி-72 வண்டிகளும் இந்த வம்சத்தில் வந்தவைதான். இவ்வளவு இருந்தும் அந்த வண்டிக்குப் பெரிய குறைகள் உண்டு. 1941 இல் பெரும்பாலான டி-34 வண்டிகளில் வானொலிக் கருவி கிடையாது. தளபதியின் வண்டியைப் பார்த்து மற்றவர்கள் பின்தொடர வேண்டும். நான்கே பேர் கொண்ட குழுவில் வண்டித்தலைவரே பீரங்கியையும் குறிபார்த்துச் சுட வேண்டியிருந்ததால், அவருக்குச் சுற்றிலும் என்ன நடக்கிறது என்று பார்க்க நேரம் இருக்காது. இவற்றோடு எரிபொருளும் உதிரிப் பாகங்களும் பழுதுபார்ப்பவர்களும் பின்னாலேயே வந்தாக வேண்டும். வராவிட்டால் இரண்டு மூன்று நாளில் எவ்வளவு சிறந்த டாங்கியும் வெறும் இரும்புப் பெட்டிதான்.

இனி அமைப்பு. 1941 இலையுதிர் காலத்துச் சோவியத் டாங்கி பிரிகேடில் ஏறத்தாழ 60 வண்டிகள் இருந்தன. 1942 இல் உருவான டாங்கிக் கோர் என்பது மூன்று டாங்கி பிரிகேடுகளையும், லாரிகளில் செல்லும் ஒரு காலாட்படை பிரிகேடையும் கொண்டது. 1943 முதல் ஒரு டாங்கிச் சேனையில் வழக்கமாக இரண்டு டாங்கிக் கோர்களும், காலாட்கள் கூடுதலாக உள்ள ஓர் இயந்திரமயக் கோரும் இருந்தன. டாங்கிகள் 500க்கு மேல், ஆட்கள் பல பத்தாயிரம். பல சேனைகள் சேர்ந்தது ‘போர்முனை’. சோவியத் வழக்கில் இந்தச் சொல் சண்டை நடக்கும் எல்லைக்கோட்டை மட்டுமல்லாமல், அங்கே போரிடும் சேனைகளை எல்லாம் ஆளும் தலைமையகத்தையும் குறிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பெயர்கள் குழப்பாது. 1944 தொடக்கத்தில் ஆறு டாங்கிச் சேனைகள் இருந்தன. செஞ்சேனை எனப்பட்ட அவ்வளவு பெரிய சோவியத் படையில் ஆறே ஆறு.

பால்கடைப் பையனும் பெரிய கோட்பாடும்

கத்துக்கோவ் 1900 செப்டம்பரில் மாஸ்கோ மாகாணத்தில், கொலோம்னாவுக்கு அருகே ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். சிறுவயதிலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று ஒரு பால்பண்ணைக்காரரின் கடையில் எடுபிடியாக வேலை பார்த்தார். 1917 புரட்சி அந்த நகரில் வெடித்தபோது அதில் பங்கேற்று, 1919 இல் செஞ்சேனையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். உள்நாட்டுப் போருக்குப் பின் காலாட்படை அதிகாரியாகப் பயிற்சி பெற்று, 1932 இல்தான் டாங்கிப் படைக்கு மாறினார். இதில் தனிச்சிறப்பு எதுவும் இல்லை. அந்தத் தலைமுறைச் சோவியத் தளபதிகள் பலருடைய வாழ்க்கைக் குறிப்பும் இப்படித்தான் தொடங்கும்.

அவர் மாறிய காலம்தான் கவனிக்கத்தக்கது. 1930களின் தொடக்கத்தில் சோவியத் படைச் சிந்தனையாளர்கள் ‘ஆழ்ந்த தாக்குதல்’ என்ற கோட்பாட்டை வகுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் உலகப் போரில் எதிரியின் பதுங்குகுழி வரிசையை உடைக்க முடிந்தவர்களால்கூட உடைத்த இடத்தின் வழியே வேகமாக உள்ளே போக முடியவில்லை. காலாட்கள் நடந்து செல்வதற்குள் எதிரி இரயிலில் புதுப் படையைக் கொண்டுவந்து ஓட்டையை அடைத்துவிடுவான். எனவே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்றார்கள் இவர்கள். காலாட்களும் பீரங்கிகளும் சுவரில் ஓட்டை போடட்டும். ஓட்டை விழுந்தபின், அதுவரை பின்னால் காத்திருந்த டாங்கிப் படை அதன் வழியே பாய்ந்து, எதிரியின் முதுகுப்புறத்தில் உள்ள பாலங்களையும் இரயில் சந்திப்புகளையும் தலைமையகங்களையும் பிடிக்கட்டும். டாங்கிச் சேனை ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு இதுதான் விடை. சுவரை உடைப்பது அதன் வேலை ஆகாது. உடைந்த சுவருக்கு அப்பால்தான் அதன் வேலையே தொடங்குகிறது.

கோட்பாடு தயாராக இருந்தது. அதை வகுத்தவர்கள் தங்கவில்லை. அவர்களில் முதன்மையானவரான துக்காச்செவ்ஸ்கி 1937 ஜூனில் ஸ்டாலினின் உத்தரவால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தொடர்ந்து அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் களையெடுக்கப்பட்டார்கள். 1939 இறுதியில் பெரிய டாங்கி அமைப்புகள் கலைக்கப்பட்டன. 1940 இல் ஜெர்மன் டாங்கிகள் ஆறு வாரத்தில் பிரான்சை வீழ்த்தியதைப் பார்த்தபின் அவசரம் அவசரமாக மீண்டும் உருவாக்கப்பட்டன, அதுவும் ஒவ்வொரு கோருக்கும் 1,031 டாங்கிகள் என்ற மலைப்பூட்டும் திட்டத்தோடு. அந்தத் திட்டத்தின்படி கத்துக்கோவுக்கு உக்ரைனில் 20 ஆம் டாங்கி டிவிஷன் (பிரிகேடுக்கு மேலும் கோருக்குக் கீழும் உள்ள அமைப்பு) தரப்பட்டது. டிவிஷனுக்கு இருக்க வேண்டிய டாங்கிகள் 375. உண்மையில் இருந்தவை 40க்கும் குறைவு, அவையும் பயிற்சிக்கு ஓடித் தேய்ந்த பழைய மெல்லிய கவச வண்டிகள்.

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி படையெடுத்தபோது கத்துக்கோவ் கீவ் நகர மருத்துவமனையில் படுத்திருந்தார். எழுந்து டிவிஷனைத் தேடிப் போனார். ரொக்கொஸ்ஸொவ்ஸ்கி தலைமையிலான 9 ஆம் இயந்திரமயக் கோரின் பகுதியாக லூத்ஸ்க், தூப்னோ வட்டாரத்தில் நடந்த மாபெரும் டாங்கிச் சண்டைக்குள் அந்த டிவிஷன் போனது. இருந்த சில வண்டிகளும் முதல் நாட்களிலேயே அழிந்தன. லாரி கிடைக்காத வீரர்கள் நடந்தே போர்க்களம் வந்த அந்த ‘டாங்கி’ டிவிஷன், அதன்பின் காலாட்படையாகத்தான் பின்வாங்கிக்கொண்டே போரிட்டது. செஞ்சேனையிடம் அப்போது மொத்தம் 20,000க்கும் மேற்பட்ட டாங்கிகள் இருந்தன, அதாவது உலகில் வேறு எந்தப் படையிடமும் இல்லாத அளவு. அவற்றில் பெரும்பகுதி சில மாதங்களில் போனது. எண்ணிக்கை ஒரு படையைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ம்த்சென்ஸ்க் சாலையில் எட்டு நாள்

1941 ஆகஸ்டில் கத்துக்கோவ் மாஸ்கோவுக்கு அழைக்கப்பட்டு, ஸ்டாலின்கிராடு பகுதியில் உருவாகிவந்த 4 ஆம் டாங்கி பிரிகேடின் தளபதி ஆனார். டிவிஷன் தளபதியாக இருந்தவருக்கு பிரிகேட் தருவது பதவி இறக்கம் போலத் தோன்றலாம். ஆனால் பெரிய டிவிஷன்களை நிரப்ப டாங்கிகளே இல்லாத நிலையில், கையாளக்கூடிய அளவுள்ள சிறிய பிரிகேடுகள்தான் இனி என்று படைத்தலைமை முடிவு செய்திருந்தது. பிரிகேடின் டி-34 வண்டிகள் அந்நகரத்து டிராக்டர் தொழிற்சாலையிலிருந்து வந்தன. மொத்த வண்டிகளில் அவை பாதிகூட இல்லை, மீதியில் பெரும்பாலானவை பழைய இலகு டாங்கிகள்.

அக்டோபர் 3 அன்று ஜெர்மன் டாங்கித் தளபதி குடேரியானின் படை ஓர்யோல் நகரை எதிர்ப்பே இல்லாமல் பிடித்தது. அங்கிருந்து ம்த்சென்ஸ்க், தூலா வழியாக மாஸ்கோவுக்கு நல்ல சாலை இருந்தது; குறுக்கே நிற்க அநேகமாக யாரும் இல்லை. லெல்யுஷென்கோ தலைமையில் அவசரமாகச் சேர்க்கப்பட்ட ஒரு காலாட்படைக் கோரோடு கத்துக்கோவின் பிரிகேடும் அந்தச் சாலையை மறிக்க அனுப்பப்பட்டது.

இந்த இடத்தில் அவர் செய்ததைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவருடைய பிற்காலம் முழுவதும் இதன் நீட்சிதான். அதுவரை சோவியத் தளபதிகளுக்கு மேலிருந்து வந்த கட்டளை பெரும்பாலும் ஒன்றுதான்: எதிர்த்தாக்குதல் நடத்து. டாங்கிகள் வெட்டவெளியில் நேருக்கு நேர் ஓடும். ஜெர்மானியர்கள் தங்கள் டாங்கிகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளை முன்னால் வைப்பார்கள். சோவியத் டாங்கிகள் எரியும். கத்துக்கோவ் இதைத் திருப்பிப் போட்டார். முன்வரிசையில் போலியான பதுங்குகுழிகளை அமைத்து எதிரியின் குண்டுகளை அங்கே விழவைத்தார். டி-34 வண்டிகளை இரண்டு மூன்றாகப் பிரித்துப் புதர்களிலும் வைக்கோற்போர்களுக்குப் பின்னாலும் காட்டோரங்களிலும் மறைத்து வைத்தார். ஜெர்மன் வண்டிகள் பக்கவாட்டைக் காட்டியபடி மிக அருகில் வரும்வரை யாரும் சுடக் கூடாது. சுட்டபின் உடனே இடம் மாறி, முன்பே பார்த்து வைத்த வேறொரு மறைவிலிருந்து மீண்டும் சுட வேண்டும். ஒரு டாங்கி நான்கு இடத்திலிருந்து சுட்டால் எதிரிக்கு நான்கு டாங்கிகள் இருப்பதுபோலத் தோன்றும்.

அக்டோபர் 6 அன்று பெர்வி வோயின் என்ற ஊருக்கு அருகே ஜெர்மனியின் 4 ஆம் பான்சர் (டாங்கி) டிவிஷன் இந்த வலையில் சிக்கி அடிவாங்கியது. டி-34 தங்கள் வண்டிகளைவிட எவ்வளவோ மேலானது என்பது அன்றுதான் வெளிப்படையாகத் தெரிந்தது என்றும், தூலாவை நோக்கிய வேகமான முன்னேற்றத்தை அப்போதைக்குக் கைவிட வேண்டியதாயிற்று என்றும் குடேரியானே போருக்குப்பின் எழுதினார். அன்றிரவு முதல் பனி விழுந்தது. அது உருகிச் சாலைகள் சேறாயின. அக்டோபர் 10 அன்று ஜெர்மானியர்கள் ம்த்சென்ஸ்க் நகருக்குள் நுழைந்துவிட, பின்னால் சிக்கிக்கொண்ட கத்துக்கோவின் டாங்கிகள் இரவோடு இரவாக, சூஷா நதியின் இரயில் பாலத்தில் மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் ஏறித் தப்பின. ஊர் போய்விட்டது. ஆனால் மாஸ்கோ வழியை மறிக்க ஏறத்தாழ எட்டு நாள் கிடைத்தன, அந்த அக்டோபரில் நாட்களுக்குத்தான் பஞ்சம்.

இந்தச் சண்டையில் 133 ஜெர்மன் டாங்கிகள் அழிக்கப்பட்டதாகச் சோவியத் உத்தரவு கூறியது. ஜெர்மன் பதிவுகள் காட்டும் இழப்பு இதைவிட மிகக் குறைவு. புகையும் நெருப்புமாக இருக்கும் களத்தில் ஒரே டாங்கியைப் பலர் தம் கணக்கில் எழுதிக்கொள்வதும், பழுதாகி இழுத்துச் செல்லப்பட்ட வண்டி அழிந்ததாகக் கணக்கில் ஏறுவதும் எல்லாப் படைகளிலும் நடப்பதுதான். ஆகையால் டாங்கிப் போரின் வெற்றியை எரிந்த வண்டிகளின் எண்ணிக்கையை வைத்து அளப்பதைவிட, எதிரி போக நினைத்த இடத்துக்கு எப்போது போனான் என்பதை வைத்து அளப்பது நல்லது.

அதன்பின் பிரிகேட் மாஸ்கோவின் மேற்கே வொலொகொலாம்ஸ்க் நெடுஞ்சாலைக்கு மாற்றப்பட்டது. சுமார் 360 கி.மீ. தொலைவை டாங்கிகள் இரயிலில் ஏறாமல் சொந்தச் சங்கிலியில் ஓடியே கடந்தன. 1941 நவம்பர் 11 அன்று அதற்கு ‘முதலாம் காவற்படை டாங்கி பிரிகேட்’ என்ற பெயர் வழங்கப்பட்டது. ‘காவற்படை’ என்பது ஜாரின் காலத்து அரண்மனைக் காவல் படைகளை நினைவூட்டும் பழைய சொல். புரட்சி ஒழித்த அந்தச் சொல்லை 1941 செப்டம்பரில் ஸ்டாலின் தூசி தட்டி எடுத்து, சிறப்பாகப் போரிட்ட பிரிவுகளுக்குப் பட்டமாகக் கொடுத்தார். கூடுதல் சம்பளமும் தனிச் சின்னமும் அதனோடு வரும். டாங்கிப் படைகளில் அதை முதலில் பெற்றது இந்த பிரிகேட்தான். அதே நாட்களில் கத்துக்கோவ் ‘டாங்கிப் படைகளின் மேஜர் ஜெனரல்’ ஆனார். சோவியத் படையில் பிரிகேடியர் ஜெனரல் என்ற படி இல்லாததால் மேஜர் ஜெனரலே ஜெனரல் வரிசையின் முதற்படி. எந்தப் படையைச் சேர்ந்தவர் என்பதும் பதவிப் பெயரிலேயே சேர்ந்து வரும்.

பிரிகேடின் புகழ்பெற்ற டாங்கி வீரரான லெப்டினன்ட் திமித்ரி லவ்ரினென்கோ 52 எதிரி டாங்கிகளை அழித்தவராகச் சோவியத் கணக்கில் முதலிடத்தில் நிற்பவர். 1941 டிசம்பர் 18 அன்று அவர் இறந்தது டாங்கிக்குள் அல்ல. வண்டியிலிருந்து இறங்கிச் செய்தி சொல்லப் போனபோது ஒரு மோர்ட்டார் குண்டின் சிதறல் பட்டது.

தோல்விகளின் ஆண்டு

1942 கத்துக்கோவுக்கு நல்ல ஆண்டாக அமையவில்லை. பாராட்டுக் கட்டுரைகள் இந்த ஆண்டை இரண்டு வரியில் தாண்டிவிடும். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஏப்ரலில் அவருக்கு முதலாம் டாங்கிக் கோர் தரப்பட்டது. கோடையில் ஜெர்மானியர்கள் வொரோனெஷ் நோக்கிப் பாய்ந்தபோது, பக்கவாட்டில் தாக்கும்படி அவருடைய கோரும், புதிதாக உருவான 5 ஆம் டாங்கிச் சேனையும், வேறு கோர்களும் அனுப்பப்பட்டன. எல்லாமே துண்டு துண்டாக, வெவ்வேறு நாளில், உளவுத் தகவலும் விமானப் பாதுகாப்பும் இல்லாமல் களமிறங்கின. அந்தச் சேனையின் தளபதியாக இருந்த லிஸ்யுகோவ் அந்த ஜூலையில் தன் டாங்கியிலேயே சண்டையிட்டு இறந்தார். இலையுதிர் காலத்தில் கத்துக்கோவுக்கு 3 ஆம் இயந்திரமயக் கோர் கிடைத்தது. நவம்பரில், ர்ஷேவ் பகுதியில் ஜெர்மானியர்களைச் சுற்றிவளைக்க நடந்த ‘செவ்வாய்’ (மார்ஸ்) நடவடிக்கையில், அவருடைய கோர் லூச்செசா ஆற்றுப் பள்ளத்தாக்கின் காடுகளிலும் பனியிலும் சிக்கி, கடைசிவரை வெளியே பாய முடியாமல் நின்றது.

பிரிகேடை நடத்தத் தெரிந்தவருக்கு ஏன் கோரை நடத்தக் கடினமாக இருந்தது? 60 டாங்கிகளைத் தளபதி ஏறத்தாழக் கண்ணாலேயே பார்த்து நடத்தலாம். எந்தப் புதருக்குள் எந்த வண்டி என்பது அவருக்குத் தெரியும். 170 டாங்கிகளும் ஆயிரக்கணக்கான ஆட்களும் சேரும்போது, அவர் நடத்துவது வரைபடத்தையும் வானொலியையும் எரிபொருள் லாரிகளையும்தான். ஒரு பாலம் பத்து டன் தாங்குமா முப்பது டன் தாங்குமா என்பது அன்றைய வெற்றியைத் தீர்மானித்துவிடும். அதைவிட முக்கியம், லூச்செசாவில் சுவர் உடையவே இல்லை. உடையாத சுவரில் டாங்கிகளை மோதவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பள்ளத்தாக்கு பாடமாகியது. உடைப்பதற்கு முன்பே டாங்கிகளை இறக்கும் அந்தப் பழக்கத்தைச் செஞ்சேனை அதன்பின்னும் முழுதாக விட்டுவிடவில்லை என்பதைப் பெர்லின் வரும்போது பார்ப்போம்.

1943 ஜனவரி இறுதியில் டாங்கிச் சேனைகள் புதிய முறையில் திருத்தி அமைக்கப்பட்டன. முன்பு டாங்கிகளோடு நடந்து செல்லும் காலாட்படை டிவிஷன்களும் கலந்திருந்தன; ஓடுபவனின் காலில் நடப்பவனைக் கட்டியது போலத்தான். இனி எல்லோரும் வண்டியில். அவ்வாறு உருவான முதலாம் டாங்கிச் சேனை கத்துக்கோவுக்குத் தரப்பட்டது. போர் முடியும்வரை அது அவரிடமே இருந்தது. சேனையின் தலைமையகப் பொறுப்பாளராக ஷாலினும், அரசியல் பொறுப்பாளராக பொப்பெலும் உடனிருந்தனர்.

கூர்ஸ்க்: சுடுகுழல் மட்டும் வெளியே

1943 ஜூலை 5 அன்று ஜெர்மனி கூர்ஸ்க் பகுதியில் தன் கடைசிப் பெருந்தாக்குதலைத் தொடங்கியது. வத்தூத்தின் தலைமையிலான வொரோனெஷ் போர்முனையில், ஒபயான் நகருக்குச் செல்லும் சாலையைக் காக்கும் பொறுப்பு 600க்கும் மேற்பட்ட டாங்கிகள் கொண்ட கத்துக்கோவின் சேனைக்கு. முதல் நாள் மாலை, மறுநாள் காலையில் எதிர்த்தாக்குதல் நடத்தும்படி வத்தூத்தின் கட்டளையிட்டார்.

கத்துக்கோவுக்கு அதில் உடன்பாடில்லை. ஜெர்மானியர்களின் டைகர் டாங்கியின் முன்கவசம் 100 மி.மீ.; அதன் 88 மி.மீ. பீரங்கி வெட்டவெளியில் டி-34 வண்டியை மிகத் தொலைவிலிருந்தே துளைத்துவிடும். டி-34 திருப்பி அடிக்க வேண்டுமானால் சில நூறு மீட்டர் தூரத்துக்குள் போய், பக்கவாட்டில் சுட வேண்டும். அப்படியானால் ஓட வேண்டியது யார், காத்திருக்க வேண்டியது யார்? டாங்கிகளைக் குழிதோண்டி, சுழல்கூண்டு மட்டும் தரைக்கு மேல் தெரியும்படி இறக்கி வைத்துவிட்டால், எதிரி தானே அருகில் வருவான். அவனுக்குத் தெரியும் இலக்கும் மிகச் சிறியது. ம்த்சென்ஸ்க் சாலையில் 60 வண்டிகளோடு செய்ததைத்தான் 600 வண்டிகளோடு செய்ய விரும்பினார். அவருடைய நினைவுக் குறிப்புகளின்படி ஸ்டாலின் தொலைபேசியில் அழைத்துக் கருத்துக் கேட்டார், இவர் காரணங்களைச் சொன்னார், ஸ்டாலின் எதிர்த்தாக்குதலை நிறுத்தினார். இந்த உரையாடலை நமக்குச் சொல்பவர் கத்துக்கோவ் மட்டுமே என்பதால் சற்று எச்சரிக்கையோடு படிக்கலாம். ஆனால் டாங்கிகள் மண்ணுக்குள் இறங்கி நின்றதில் ஐயமில்லை.

அடுத்த ஒரு வாரம் ஜெர்மனியின் 48 ஆம் பான்சர் கோரும், அதன் பக்கத்தில் நாஜிக் கட்சியின் சொந்தப் படையான எஸ்.எஸ். டிவிஷன்களும் அந்த வரிசையைக் கடித்துக் கடித்து முன்னேறின. கத்துக்கோவின் சேனை கிலோமீட்டர் கிலோமீட்டராகப் பின்வாங்கியது, கோர்கள் தேய்ந்தன, ஆனால் வரிசை அறுந்து போகவில்லை. ஒபயானை ஜெர்மானியர்கள் எட்டவே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு பக்கத்திலேயே இருக்கிறது. ஜூலை 12 அன்று ப்ரொகொரொவ்காவில் ரொத்மிஸ்த்ரோவின் 5 ஆம் காவற்படை டாங்கிச் சேனை வெட்டவெளியில் நேர்த்தாக்குதல் நடத்தி, ஒரே நாளில் மீட்க முடியாதபடி 200க்கும் மேற்பட்ட டாங்கிகளை இழந்தது. ஜெர்மன் இழப்பு அதில் மிகச் சிறு பங்கு. விந்தை என்னவென்றால், சோவியத் காலத்துப் புகழ் முழுவதும் ப்ரொகொரொவ்காவுக்கே போயிற்று. பாய்ந்து மோதிய கதைக்கு இருக்கும் கவர்ச்சி, குழிக்குள் பொறுத்திருந்த கதைக்கு எப்போதும் இருப்பதில்லை.

சுவருக்கு அப்பால்

தற்காப்பில் நிற்கத் தெரிந்தவர் பாயவும் கற்றுக்கொண்டார். 1944 மார்ச் 21 அன்று மேற்கு உக்ரைனில் போர்முனைத் தளபதி ஷூக்கொவ் அவருடைய சேனையை உடைப்பின் வழியே அனுப்பினார். மூன்றே நாளில் டாங்கிகள் த்னீஸ்தர் நதியை அடைந்தன, 29 ஆம் தேதி செர்னீவ்த்சி நகர் விழுந்தது. முப்பதுகளின் கோட்பாடு கடைசியில் வேலை செய்தது. ஆனால் அதே நேரத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது: பின்னால் சூழப்பட்ட ஜெர்மனியின் முதலாம் பான்சர் சேனை தெற்கே தப்ப முயலும் என்று எதிர்பார்த்திருக்க, அது மேற்கே திரும்பி டாங்கிச் சேனைகளின் விநியோகப் பாதைகளையே குறுக்கே வெட்டிக்கொண்டு தப்பிவிட்டது. வேகமாக ஓடும் டாங்கிப் படை சூழலாம். சூழ்ந்ததைப் பூட்டி வைக்கக் காலாட்கள் வேண்டும். ஏப்ரலில் கத்துக்கோவ் கர்னல் ஜெனரல் ஆனார், சேனைக்கும் ‘காவற்படை’ப் பட்டம் கிடைத்தது. கோடையில் விஸ்துலா நதியைக் கடந்து சந்தொமியெஷ் அருகே மறுகரையில் காலூன்றியதற்காக அவர் ‘சோவியத் ஒன்றியத்தின் வீரர்’ ஆனார்.

டாங்கிச் சேனை என்றால் என்ன என்று ஒரே நடவடிக்கையைக் காட்டி விளக்கச் சொன்னால், 1945 ஜனவரியைக் காட்டுவேன். 14 ஆம் தேதி சூய்க்கொவின் 8 ஆம் காவற்படைச் சேனை வார்சாவுக்குத் தெற்கே சுவரை உடைத்தது. 15 ஆம் தேதி கத்துக்கோவின் டாங்கிகள் அதன் வழியே நுழைந்தன. முன்னால், பிரதானப் படைக்குப் பல பத்துக் கிலோமீட்டர் தள்ளி, ‘முன்னோடிப் பிரிவு’ ஒன்று ஓடும்: பீரங்கிகளாலும் பொறியாளர்களாலும் பலப்படுத்தப்பட்ட ஒரு டாங்கி பிரிகேட். சண்டையைத் தவிர்த்துவிட்டு ஆற்றுப் பாலங்களை எதிரி தகர்ப்பதற்குள் பிடிப்பதுதான் அதன் வேலை. வலுவான காவல் இருந்த பொஸ்னான் நகரைச் சுற்றிக்கொண்டு போய், அதைப் பின்னால் வரும் காலாட்களுக்கு விட்டுவிட்டார்கள். மாத இறுதியில் குசக்கொவ்ஸ்கியின் 44 ஆம் காவற்படை டாங்கி பிரிகேட், ஜெர்மன் எல்லையின் மெசெரிட்ஸ் கான்கிரீட் அரண்களுக்கிடையே காவல் தளர்வாக இருந்த ஒரு சாலையைக் கண்டு, இரவில் நழுவி உள்ளே போய்விட்டது. எதிரி பின்னால் வழியை அடைத்தபின்னும் தன்னந்தனியே தாக்குப்பிடித்தது. மூன்று வாரத்துக்குள் சேனை ஏறத்தாழ 500 கி.மீ. கடந்து ஓடெர் நதியை எட்டியது. ஏப்ரலில் இரண்டாம் முறையாக ‘வீரர்’ பட்டம் அவருக்கு வந்தது. இடையில் மார்ச்சில் சேனை பால்டிக் கரையோரச் சண்டைக்காக ரொக்கொஸ்ஸொவ்ஸ்கியிடம் சில வாரம் அனுப்பப்பட்டது. 1941 இல் டாங்கி இல்லாத டாங்கி டிவிஷனோடு கத்துக்கோவ் நின்றதும் இதே ரொக்கொஸ்ஸொவ்ஸ்கிக்குக் கீழேதான்.

பிறகு பெர்லின். 1945 ஏப்ரல் 16 அன்று சீலோ குன்றுகளில் காலாட்கள் தடுமாறியபோது, பொறுமையிழந்த ஷூக்கொவ், சுவர் உடையும் முன்பே இரண்டு டாங்கிச் சேனைகளைக் களமிறக்கினார். சதுப்பான சில சாலைகளில் சூய்க்கொவின் லாரிகளும் பீரங்கிகளும் கத்துக்கோவின் டாங்கிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. குன்றுகளை ஏற நான்கு நாள் ஆனது. அதன்பின் நகரத் தெருக்கள். அங்கே டாங்கிக்கு ஓட இடமில்லை, ஒவ்வொரு சன்னலிலிருந்தும் கையில் பிடித்து ஏவும் டாங்கி எதிர்ப்புக் குண்டுகள். காலாட்கள் வீடு வீடாக முன்னே போக, டாங்கிகள் பின்னாலிருந்து சுட்டுக் கொடுத்தன. ஆழ்ந்த தாக்குதலுக்கென்று கட்டப்பட்ட சேனையின் கடைசிப் போர், அது செய்யவே கூடாத வேலையாக முடிந்தது. ஏப்ரல் இறுதியில் அதன் பிரிகேடுகள் நகர மையத்திலுள்ள டீயர்கார்டன் பூங்காவின் ஓரத்தில் இருந்தன.

போருக்குப்பின் கத்துக்கோவ் ஜெர்மனியில் நிலைகொண்ட சோவியத் படையில் பணியாற்றினார், உயர்படிப்பு முடித்தார், 1955 முதல் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆய்வுப் பிரிவிலும் பின்னர் தரைப்படைப் பயிற்சித் துறையிலும் இருந்தார். ‘கவசப் படைகளின் மார்ஷல்’ என்பது 1943 இல் டாங்கிப் படைக்கென்றே உருவாக்கப்பட்ட பதவி. ரொத்மிஸ்த்ரோவ் அதை 1944 பிப்ரவரியிலேயே பெற்றுவிட்டார். மற்ற டாங்கிச் சேனைத் தளபதிகளான ரிபால்கோவும் பொக்தானொவும் போர் முடிந்த மறுமாதமே பெற்றார்கள். கத்துக்கோவுக்கு அது 1959 அக்டோபரில்தான் வந்தது. 1976 ஜூன் 8 அன்று மாஸ்கோவில் இறந்து, நொவொதெவிச்சி கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் நடத்திய சேனை அப்போதும் ஜெர்மனியிலேயே இருந்தது. 1990களில் ரஷ்யாவுக்குத் திரும்பிக் கலைக்கப்பட்டு, 2014 இல் அதே பெயரில் மீண்டும் உருவாக்கப்பட்டது.